சந்திரனுக்குப் போட்ட செட்

"மனுஷன் நிலாவுக்குப் போகவே இல்லை சார். அதெல்லாம் ஸ்டுடியோவுல எடுத்த படம்!"

வரலாறு படித்து, வரலாற்றையே பாடமாக நடத்திப் பிழைத்த எனக்கு இந்த வசனம் புதிதில்லை. வகுப்பறையில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், ரயில் பயணத்திலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் பெரும்பாலும் நன்றாகப் படித்தவராகத்தான் இருப்பார். "அப்படியா? யார் எடுத்தாங்க, எப்படி எடுத்தாங்க?" என்று திருப்பிக் கேட்டால் மட்டும் பேச்சு கொஞ்சம் தடுமாறும். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது அந்த 'எப்படி'யைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. உண்மைச் சம்பவத்துக்கு வரலாறு இருப்பதுபோல் புரளிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதையும் நம் மாணவர்கள் படிக்கத்தானே வேண்டும்?

1969-ல் நம்மில் பலர் கல்லூரியில் இருந்தோம். நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது நமக்கு ஜூலை 21-ம் தேதி காலை ஏறக்குறைய எட்டரை மணி. தமிழ்நாட்டில் அப்போது டி.வி. கிடையாது. சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1975-ல்தான். ரேடியோவில் கேட்டோம், மறுநாள் பேப்பரில் படித்தோம், நம்பினோம். இன்றைய பிள்ளைகளோ முழுப் படத்தையும் கைபேசியிலேயே ஓட்டிப் பார்க்கிறார்கள், ஆனால் நம்ப மறுக்கிறார்கள். கண்ணால் காணாத தலைமுறை நம்பியது, கண்ட தலைமுறை சந்தேகப்படுகிறது. இது யோசிக்க வேண்டிய விஷயம்.

சினிமா முந்திக்கொண்டது

நிலவுக்கு முதலில் போனது சினிமாதான். பிரான்ஸ் நாட்டு மேஜிக் நிபுணர் ஜார்ஜ் மெலியே 1902-லேயே 'நிலவுப் பயணம்' என்ற படத்தை எடுத்தார். நிலாவின் கண்ணில் குண்டு போய்க் குத்தி நிற்கும் காட்சி இன்றைக்கும் பிரசித்தம். 1929-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் 'நிலவில் பெண்' எடுத்தார். ராக்கெட் கிளம்புமுன் எண்களைத் தலைகீழாக எண்ணுகிறார்களே, அதைப் பிரபலமாக்கியது அந்தப் படம்தான். நிஜ ராக்கெட்காரர்கள் அந்தப் பழக்கத்தை சினிமாவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1950-ல் 'டெஸ்டினேஷன் மூன்' வந்தது.

1968 ஏப்ரலில், அதாவது ஆம்ஸ்ட்ராங் கிளம்புவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பே, ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' வெளியானது. குப்ரிக்குடன் சேர்ந்து திரைக்கதை எழுதியவர் கொழும்பில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். அன்றைக்கு உலகிலேயே மிகச் சிறந்த டிரிக் ஷாட் படம் அது. குப்ரிக்குக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கார் விருது அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளுக்குத்தான்.

அந்தப் படத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். அதில் நிலவின் மலைகள் கூர்கூராக நிற்கும். காற்றும் மழையும் இல்லாத இடத்தில் மலை தேயாது என்று ஓவியர்களும் செட் போடுபவர்களும் நினைத்திருந்தார்கள். உண்மையில் கோடிக்கணக்கான ஆண்டுகள் நுண்கற்கள் வந்து மோதி மோதி நிலவின் மலைகள் மழுங்கிப் போயிருந்தன. அப்போலோ படங்களில் தெரிவது அந்த மழுங்கிய மலைகள்தான். இன்னொன்று, குப்ரிக் படத்தில் விண்வெளி உடை அணிந்தவர்கள் நிலவின் தரையில் நடக்கும்போது நம்ம ஊர்த் தெருவில் நடப்பது மாதிரியே நடப்பார்கள். ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பு விசையில் எப்படி நடப்பது என்பதை அந்த மேதையாலும் காட்ட முடியவில்லை.

புரளி பிறந்த கதை

1971-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்'-இல் பாண்ட் தப்பி ஓடும்போது, விண்வெளி வீரர்கள் நடமாடும் ஒரு நிலவு செட்டுக்குள் புகுந்துவிடுவார். அது சிரிப்புக்காக வைத்த காட்சி. ஆனால் விதை அப்போதே விழுந்துவிட்டது.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வியட்நாம் போரைப் பற்றி அரசு சொன்னதற்கும் நடந்ததற்கும் இருந்த வித்தியாசம் 1971-ல் பென்டகன் ஆவணங்கள் வெளியானபோது அம்பலமானது. அடுத்து வாட்டர்கேட். 1974-ல் நிக்சன் பதவி விலகினார். நிலவில் நின்றிருந்த வீரர்களிடம் தொலைபேசியில் பேசி வாழ்த்திய அதே நிக்சன்! "இவர்கள் இதில் பொய் சொன்னவர்கள், அதிலும் சொல்லியிருக்க மாட்டார்களா?" என்று சாதாரண ஜனங்கள் கேட்டதில் தப்பே இல்லை. சந்தேகம் நியாயமான இடத்தில்தான் பிறந்தது. போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு.

1976-ல் பில் கேசிங் என்பவர் 'நாம் நிலவுக்குப் போகவே இல்லை' என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு புத்தகத்தைத் தாமே வெளியிட்டார். ராக்கெட் எஞ்சின் செய்யும் ராக்கெட்டைன் கம்பெனியில் தொழில்நுட்பக் குறிப்புகள் எழுதும் வேலையில் இருந்தவர் அவர். 1963-லேயே, அப்போலோ பறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அந்த வேலையை விட்டுவிட்டார். பின்னால் வந்த வாதங்களில் பெரும்பாலானவற்றின் வேர் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

1978-ல் பீட்டர் ஹையம்ஸ் இயக்கிய 'கேப்ரிகார்ன் ஒன்' அமெரிக்காவில் திரைக்கு வந்தது. செவ்வாய்க்குப் போவதாக உலகை நம்பவைத்து, மூன்று வீரர்களை ஒரு பழைய ராணுவத் தளத்தில் அடைத்து, செட்டுக்குள் நடிக்க வைக்கும் கதை. புத்தகம் படிக்காதவர்களுக்கெல்லாம் அந்தப் படம் காட்சியாகவே காட்டிவிட்டது. நாளாக ஆக, செவ்வாய் என்பது மறந்து நிலா என்று ஆகிவிட்டது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி இதையே ஒரு மணி நேர நிகழ்ச்சியாக்கியது. அதன் பிறகு இந்தப் பேச்சு உலகம் பூராவும் பரவியது.

குப்ரிக் தலையில் விழுந்த பழி

புரளிக்கு ஒரு டைரக்டர் வேண்டும் அல்லவா? '2001' எடுத்த குப்ரிக்கின் தலையில் அந்தப் பழி விழுந்தது. 1975-ல் வந்த தம் 'பேரி லிண்டன்' படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சி எடுக்க, ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி நாசாவுக்காகச் செய்த மிக அகன்ற லென்ஸ்களில் மூன்றை அவர் வாங்கினார். "பார்த்தீங்களா, நாசா லென்ஸ்!" என்றார்கள். 1980-ல் வந்த 'தி ஷைனிங்' படத்தில் ஒரு சிறுவன் அப்போலோ 11 படம் போட்ட ஸ்வெட்டர் அணிந்திருப்பான். "பாவம், மனசாட்சி உறுத்தி ஜாடை காட்டுகிறார்" என்றார்கள்.

2002-ல் வில்லியம் கரேல் என்ற இயக்குநர் பிரான்சில் 'ஆபரேஷன் லூன்' என்று ஒரு வேடிக்கைப் படம் எடுத்தார். ஹென்றி கிஸ்ஸிஞ்சர், டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், குப்ரிக்கின் மனைவி எல்லோரும் அதில் தோன்றுவார்கள். குப்ரிக்தான் நிலவுக் காட்சியை எடுத்தார் என்று நம்பும்படி கதை போகும். கடைசியில் பெயர்கள் ஓடும்போது 'இது விளையாட்டு' என்று உடைத்துவிடுவார்கள். ஆவணப்படம் நம்மை எவ்வளவு எளிதாக ஏமாற்ற முடியும் என்று காட்டுவதே நோக்கம். என்ன ஆயிற்று? கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, நடுவிலுள்ள துண்டுகளை மட்டும் 'ஆதாரம்' என்று இன்றுவரை சுற்றுக்கு விடுகிறார்கள். 2015-ல் குப்ரிக்கின் வாக்குமூலம் என்று இன்னொரு வீடியோ வந்தது. அதில் இருந்தவர் வேறு ஆள். குப்ரிக் 1999-லேயே காலமாகிவிட்டார், பதில் சொல்ல வர முடியாது.

சரி, எடுத்திருக்க முடியுமா?

இனி விஷயத்துக்கு வருவோம். விஞ்ஞானத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சினிமாக்காரரின் கண்ணோடு பார்ப்போம். 'இந்தக் காட்சியை 1969-ல் எடுத்துக் கொடு' என்று ஒரு நல்ல கேமராமேனிடம் சொன்னால் அவர் என்ன கேட்பார்?

முதல் கேள்வி, "எவ்வளவு நேரம்?" அப்போலோ 11 வீரர்கள் நிலவின் தரையில் இருந்தது ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அது நேரடி ஒளிபரப்பு. நிலவில் விழும் பொருள் மெதுவாக விழும். பூமியில் ஒரு நொடியில் விழுவது அங்கே கிட்டத்தட்ட இரண்டரை நொடி எடுக்கும். இதைப் படத்தில் கொண்டுவர ஒரே வழி ஸ்லோ மோஷன். ஃபிலிமில் எடுத்தால், கேமராவில் போடும் ஆயிரம் அடி ரீல் சாதாரண வேகத்தில் 11 நிமிடம் ஓடும். ஸ்லோ மோஷனுக்காக இரண்டரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டரை மணி நேரக் காட்சிக்கு 14 ரீல். ஒவ்வொரு நாலரை நிமிடத்துக்கும் நடிகர்கள் சிலை மாதிரி நிற்க, ரீல் மாற்றி, ஒட்டிய இடம் தெரியாமல், ஒரு கீறலோ தூசியோ இல்லாமல் ஓட்ட வேண்டும். ஃபிலிம் வேண்டாம், வீடியோ என்றால்? அப்போது விளையாட்டுப் போட்டிகளுக்குப் பயன்பட்ட ஸ்லோ மோஷன் வீடியோ கருவியின் வட்டில் பிடித்தது மொத்தமே 30 நொடிக் காட்சி. கடைசி மூன்று பயணங்களில் ஒவ்வொன்றிலும் தரையில் நடமாடியது பல மணி நேரம். அப்போலோ 17-ல் மட்டும் 22 மணி நேரம்!

இரண்டாவது கேள்வி, "லைட் எங்கே?" சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால் அதன் வெளிச்சம் அருகிலும் தொலைவிலும் ஒரே அளவாக விழுகிறது. செட்டில் எவ்வளவு பெரிய விளக்கு வைத்தாலும் பக்கத்தில் பளிச்சென்றும் தள்ளிப் போகப் போக மங்கலாகவும் இருக்கும், நிழல்கள் விசிறி மாதிரி விரியும். பல விளக்கு வைத்தால் ஓர் ஆளுக்குப் பல நிழல். ராத்திரி கிரிக்கெட் மேட்சில் பார்த்திருப்பீர்கள். "நிலவுப் படத்தில் நிழல்கள் இணையாக இல்லையே" என்பார்கள். தரை மேடும் பள்ளமுமாக இருந்தால் நிழல் வளையும், தண்டவாளமே தூரத்தில் சேர்வதுபோலத்தானே தெரிகிறது? "நட்சத்திரம் ஏன் இல்லை?" என்பதும் கேமராமேனுக்குத் தெரிந்த விஷயம். பட்டப்பகல் வெயிலில் வெள்ளை உடை அணிந்தவரை எடுக்க வைக்கும் அளவில் மங்கலான நட்சத்திரம் படத்தில் விழாது. கொடி அசைவதற்குக் காரணம் காற்று இல்லை. அதன் மேல் விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பி இருந்தது, கம்பத்தைத் திருகி நட்டபோது துணி ஆடியது.

மூன்றாவது கேள்வி, "புழுதி எப்படி?" 1972 ஏப்ரலில் அப்போலோ 16-ன் ஜான் யங் நிலவு ஜீப்பை வேகமாக ஓட்ட, சார்லஸ் டியூக் அதைப் படம் பிடித்தார். சக்கரம் கிளப்பிய புழுதி வில்லாக வளைந்து போய் அப்படியே தரையில் விழுகிறது. நம்ம ஊர் மண் சாலையில் பஸ் போனால் புழுதி மேகமாகக் கிளம்பி, பஸ் போன பிறகும் மூக்கில் ஏறுமே, அது காற்று செய்யும் வேலை. காற்றே இல்லாமல் ஜீப் ஓட்டும் ஸ்டுடியோவை யார் கட்டுவது?

"குப்ரிக்கின் முறையில் பின்னணித் திரை வைத்திருப்பார்கள்" என்பது கடைசி வாதம். '2001'-ல் ஆப்பிரிக்கப் பாலைவனக் காட்சிகளை அவர் ஃப்ரண்ட் ப்ரொஜெக்ஷன் முறையில் எடுத்தது உண்மை. அதற்குக் கேமராவும் ப்ரொஜெக்டரும் ஒரே கோட்டில் அசையாமல் பொருந்தியிருக்க வேண்டும். ஆனால் ஆம்ஸ்ட்ராங் டி.வி. கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு போய், சுற்றுமுற்றும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் ஸ்டாண்டில் வைத்தார்.

1995-ல் ரான் ஹோவர்ட் 'அப்போலோ 13' எடுத்தபோது, ஆட்கள் எடையின்றி மிதப்பதைக் காட்ட நாசாவின் விமானத்தில் நடிகர்களை ஏற்றி, விமானம் வில்லாக வளைந்து ஏறி இறங்கும்போது கிடைக்கும் 25 நொடிகளில் துண்டு துண்டாகப் படமாக்கினார். இருபத்தாறு ஆண்டுக்குப் பின் ஹாலிவுட்டின் வித்தை இவ்வளவுதான். நிஜ அப்போலோ ஒளிபரப்புகளில் வீரர்கள் பல நிமிடங்கள் தொடர்ச்சியாக மிதக்கிறார்கள்.

ஒத்திகைக்குப் போட்ட செட்

இதைக் கேட்டால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நிலவுக்கு செட் போட்டது உண்மைதான்! ஹூஸ்டனில் ஒரு கட்டடத்துக்குள் மணல் கொட்டி, மாதிரிக் கலம் நிறுத்தி, ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் 1969-ல் பயிற்சி எடுத்தார்கள். அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் அருகே 1967-ல் வெடி வைத்து நிலவுப் பள்ளங்களைப்போலவே செயற்கையாக உண்டாக்கினார்கள். அந்தப் பயிற்சிப் படங்களை ஒளித்து வைக்கவில்லை. இன்றைக்கு யாரோ ஒருவர் அதில் ஒன்றை எடுத்து, "மாட்டிக்கிட்டாங்க" என்று போடுகிறார்.

நாமும் அப்படி ஒரு செட் போட்டவர்கள்தான். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் என்ற பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் உதவ, அந்தப் பாறையை அரைத்த மண்ணை இஸ்ரோ பெற்று, சந்திரயான் கலம் இறங்கும் பரிசோதனைகளுக்குச் செயற்கை நிலவுத் தரை அமைத்தது. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 இறங்கியபோது விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநர். நாளைக்கு ஒருவர் அந்தப் பரிசோதனைப் படத்தைக் காட்டி, "எல்லாம் நாமக்கல் மண்ணு சார், நிலாவுக்குப் போகவே இல்லை" என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

சாட்சியும் நம்மிடமே இருக்கிறது. சந்திரயான்-2 நிலவைச் சுற்றியபடி 2021-ல் எடுத்த படத்தில் அப்போலோ 11 விட்டுவந்த அடிப்பகுதி தெரிகிறது. அமெரிக்காவின் எல்.ஆர்.ஓ. கலம் வீரர்கள் நடந்த தடங்களையே படம் பிடித்தது. ஜப்பானின் ககுயா கலம் 2008-ல் அளந்த மலைகளின் வடிவம், அப்போலோ 15 வீரர்கள் தரையில் நின்று எடுத்த படத்தின் பின்னணியோடு அப்படியே பொருந்தியது. அன்றைய சோவியத் யூனியனோ போட்டிக்காரன். அவர்களுடைய லூனா 15 கலம் அதே 1969 ஜூலை 21-ல் நிலவில் மோதி நொறுங்கியது. பொய் என்றால் முதலில் கூவியிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே?

அழிந்த டேப்

வரலாற்று மாணவன் என்ற முறையில் நாசாவின் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். நிலவிலிருந்து வந்த சிக்னல், நொடிக்கு 10 படம் வீதம் தனி முறையில் வந்தது. வீட்டு டி.வி.க்கு ஏற்ப அதை மாற்றும்போது தெளிவு குறைந்தது. மாற்றாத அசல் சிக்னல் பதிந்திருந்த காந்த டேப்புகள், ஏராளமான மற்ற டேப்புகளோடு சேர்த்து அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று, பல ஆண்டு தேடலுக்குப் பிறகு 2009-ல் நாசாவே அறிவித்தது. ஒளிபரப்பான பதிவுகள் பத்திரமாக இருந்தன, அவற்றைச் செப்பனிட்டு வெளியிட்டார்கள். ஆனாலும் மனித குலத்தின் பெரிய பயணம் ஒன்றின் மூலப் பதிவு, டேப் பற்றாக்குறையில் போய்விட்டது. சந்தேகப் பேர்வழிகளுக்கு இதைவிட நல்ல தீனி ஏது? ஆவணங்களைக் காக்காதவன் தன் எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறான் என்று வகுப்பில் சொல்வேன். பழைய ரெக்கார்டுகளை எடைக்குப் போடும் நம் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

யாருடைய உழைப்பு?

"நம்பினா என்ன, நம்பாட்டி என்ன சார்? யாருக்கு நஷ்டம்?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி.

அப்போலோ திட்டத்தில் சுமார் நான்கு லட்சம் பேர் வேலை செய்தார்கள் என்பது கணக்கு. அதில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். வீரர்களின் உடையைத் தைத்தவர்கள் பெண்களின் உள்ளாடை தயாரிக்கும் கம்பெனியிலிருந்து வந்த தையல்காரப் பெண்கள். பல அடுக்குத் துணியில் ஒரு தையல் பிசகினாலும் உள்ளே இருப்பவர் உயிர் போகும் என்று தெரிந்து தைத்தார்கள். கலத்தின் கம்ப்யூட்டருக்கான நினைவகத்தை மாசசூசெட்ஸில் ஒரு தொழிற்சாலையில் பெண்கள் செம்புக் கம்பியால் கையாலேயே நெய்தார்கள். கம்பி காந்த வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். 1967 ஜனவரி 27-ல் தரையில் நடந்த ஒத்திகையின்போது கலத்துக்குள் தீப்பிடித்து கஸ் கிரிஸ்ஸம், எட் வைட், ரோஜர் சாஃபி மூவரும் நச்சுப் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

'எல்லாம் செட்' என்று சொல்லும்போது நிக்சனுக்கோ நாசா தலைவருக்கோ ஒன்றும் குறைவதில்லை. அந்தத் தையல்காரப் பெண்ணின் கைவேலையைத்தான் பொய் என்கிறோம். அந்த மூன்று குடும்பங்களின் துக்கத்தைத்தான் நாடகம் என்கிறோம். என் மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

இன்று வகுப்பறையில் இருக்கும் தம்பி தங்கைகளே, சந்தேகப்படுவதை விட்டுவிடுங்கள் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். இந்தக் கல்லூரி நமக்குக் கற்றுக்கொடுத்ததே கேள்வி கேட்கத்தான். ஆனால் அரசாங்கத்தின் சொல்லைச் சோதிக்கும் அதே தராசில் புரளிக்காரரின் சொல்லையும் வையுங்கள். 'இது பொய்' என்று யாராவது சொன்னால், அந்தப் பொய்யை எத்தனை பேர் சேர்ந்து, எந்தக் கருவியால், எத்தனை ரீலில், எவ்வளவு நாள் வாய் திறக்காமல் செய்திருக்க வேண்டும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலவைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு, போய்வருவதைவிடக் கஷ்டமாக முடிகிறது.